செஞ்சிக் கோட்டைக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே, வணக்கம்.

நான் செஞ்சிப் பக்கத்து ஊர்க்காரன். மாதத்தில் ஒரு நாளாவது கோட்டையின் ராஜகிரிக் குன்றில் ஏறாவிட்டால் எனக்கு மனசு ஒப்பாது. போன தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை அப்படி ஏறிக்கொண்டிருந்தபோது முன்னால் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். எட்டாம் வகுப்பாக இருக்கலாம். உச்சிக்குச் சற்று முன்னால், பாறை பிளந்து கிடக்கிற இடத்தில், பாலத்தின் மேல் எல்லோரும் நின்றார்கள். ஒரு சிறுமி தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டு விழுந்தது. பக்கத்தில் நின்ற ஆசிரியரிடம் கேட்டாள்: "சார், இவ்ளோ உயரத்துல தண்ணிக்கு என்ன பண்ணாங்க?"

அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சீக்கிரம் போட்டோ எடுத்துட்டு இறங்குங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். கீழே இறங்கி வரும்போது இன்னொரு பையனிடம், "இது தேசிங்குராஜா கட்டின கோட்டை" என்று சொன்னதும் காதில் விழுந்தது.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வெயிலுக்கும் குரங்குகளுக்கும் நடுவே ஐம்பது பிள்ளைகளைப் பத்திரமாக ஏற்றி இறக்குவது எவ்வளவு பெரிய பாடு என்று எனக்குத் தெரியும். என் வருத்தம் என் மேல்தான். அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் அவள் நின்ற இடத்திலிருந்து கொஞ்ச தூரத்திலேயே இருந்தது. நான் வாய் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இப்போது உங்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

2025 ஜூலை 11 அன்று பாரிசில் கூடிய உலகப் பாரம்பரியக் குழு, மராட்டியரின் ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை ஒரே தொகுப்பாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சால்ஹேர், சிவநேரி, லோஹகட், கண்டேரி, ராய்கட், ராஜ்கட், பிரதாப்கட், சுவர்ணதுர்க், பன்ஹாளா, விஜயதுர்க், சிந்துதுர்க். இந்தப் பதினொன்றும் மகாராஷ்டிராவில் இருக்கின்றன. பன்னிரண்டாவது நம் செஞ்சி. அன்றிலிருந்து இங்கே வரும் வண்டிகளும் கூடின, கேள்விகளும் கூடின. "நம்ம ஊர்க் கோட்டைக்கு எதுக்கு மராட்டியன் பேரு?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள். பிள்ளைகள் உங்களிடமும் கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான்.

கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. மராட்டியர் கையில் இந்தக் கோட்டை இருந்தது 1677 முதல் 1698 வரை, 21 ஆண்டுகள்தான். ஆனந்தக் கோன் என்ற ஆயர்குலத் தலைவர் கி.பி. 1200 வாக்கில் ராஜகிரியில் முதல் கோட்டையை எழுப்பினார், அவருக்குப் பின் வந்த கிருஷ்ணக் கோன் எதிரே உள்ள கிருஷ்ணகிரியில் கட்டினார் என்பது இந்த ஊரின் நினைவு. பிறகு விஜயநகரம், செஞ்சி நாயக்கர்கள். நாம் இன்று பார்க்கும் பெரிய களஞ்சியங்கள், கல்யாண மகால், வேங்கடரமணர் கோயில் எல்லாம் விஜயநகர, நாயக்கர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுபவை. (அந்தக் கோயிலிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போன கல்தூண்கள் இன்றும் புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. புதுச்சேரிக்கும் சுற்றுலா போகிறவர்கள் பிள்ளைகளிடம் அதைக் காட்டுங்கள்.) 1649 வாக்கில் பீஜப்பூர் சுல்தான் படை கோட்டையைப் பிடித்தது. அதற்குப் பிறகுதான் மராட்டியர்.

அப்படியானால் அந்த 21 ஆண்டுகளுக்கு மட்டும் என்ன தனிப் பெருமை? ஒரு கோட்டையை எதற்காகக் கட்டுகிறார்களோ அந்த வேலையை இந்தக் கோட்டை முழுசாகச் செய்து காட்டியது அப்போதுதான். ஒரு அரசு தன் தலைநகரை இழந்து, அரசனை இழந்து, வாரிசையும் சிறையில் பறிகொடுத்துவிட்டு வந்து நின்றபோது, அதற்குத் தங்க இடம் கொடுத்து ஏழு ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு வைத்திருந்தவை இந்த மூன்று குன்றுகள்.

சிவாஜி 1674இல் ராய்கட்டில் முடிசூடியவர். மூன்றே ஆண்டில் தெற்கே படையோடு வந்தார். செஞ்சியைப் பீஜப்பூர்க் கோட்டைத் தலைவர் பெரிய சண்டை இல்லாமலே கொடுத்துவிட்டார். வேலூர்க் கோட்டை அப்படி லேசில் விழவில்லை, 1678 வரை இழுத்தது. அதே பயணத்தில்தான் தஞ்சாவூரைப் பிடித்து ஆண்டுகொண்டிருந்த தன் தம்பி, வேறு தாய்க்குப் பிறந்த ஏகோஜியை, கொள்ளிடக் கரையில் திருமழபாடியில் சந்தித்துப் பேசினார் சிவாஜி. தன் ஊரிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளி எதற்கு ஒரு கோட்டை? வடக்கே முகலாயர் நெருக்கினால் ஒதுங்குவதற்குத் தெற்கே ஒரு புகலிடம் வேண்டும் என்று அவர் நினைத்தார் என்பார்கள். பிறகு நடந்ததைப் பார்க்கும்போது எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

பிடித்ததோடு விடவில்லை. அப்போது இந்தப் பகுதியில் இருந்த ஏசுசபைப் பாதிரியார் ஒருவர் 1678இல் எழுதிய கடிதம் இருக்கிறது. சிவாஜி செஞ்சியைச் சுற்றிப் புது மதில்கள் எழுப்பினார், அகழி வெட்டினார், கொத்தளங்கள் கட்டினார், நீர்த்தேக்கங்கள் அமைத்தார், ஐரோப்பியர்களும் குறை சொல்ல முடியாத நேர்த்தியோடு செய்தார் என்று அதில் வருகிறது. அந்தப் பட்டியலில் நீர்த்தேக்கமும் இருக்கிறது, கவனியுங்கள். அந்தச் சிறுமியின் கேள்வி சிவாஜிக்கும் வந்திருக்கிறது.

1680இல் சிவாஜி காலமானார். 1689 மார்ச்சில் அவர் மகன் சம்பாஜியை ஔரங்கசீப் பிடித்துக் கொன்றார். அதே ஆண்டு முடிவதற்குள் ராய்கட்டும் விழுந்தது. சம்பாஜியின் மனைவி ஏசுபாயும் சின்னப் பிள்ளையான சாகுவும் சிறைப்பட்டார்கள். மிஞ்சியவர் சம்பாஜியின் தம்பி ராஜாராம், 19 வயது. ராய்கட் விழுமுன்பே அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து பிரதாப்கட், பன்ஹாளா, பிறகு தெற்கே செஞ்சி. வழியில் கர்நாடகத்துக் கெளதி நாட்டு ராணி சென்னம்மா துணிந்து உதவினார்.

மராட்டியில் வழிவழியாகச் சொல்லி வரும் ஒரு சம்பவத்தை இந்த இடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அவர்கள் மறக்கவே மாட்டார்கள். ராஜாராமும் கூட வந்தவர்களும் யாத்திரை போகிற லிங்காயத்துகள் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு பெங்களூர்ச் சத்திரம் ஒன்றில் இறங்கினார்களாம். பழக்க தோஷத்தில் ஒருவர் ராஜாராமின் காலைக் கழுவிவிட்டார். பார்த்த ஒருவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சாதாரண யாத்ரீகனுக்கு யாராவது கால் கழுவி விடுவார்களா? தகவல் முகலாய அதிகாரிக்குப் போவதற்குள் ராஜாராமை வேறு வழியில் அனுப்பிவிட்டு, கண்டோ பல்லாள் உட்பட சிலர் அங்கேயே தங்கி அடியும் உதையும் வாங்கினார்கள். "நாங்கள் யாத்ரீகர்கள்தான்" என்ற ஒரே சொல்லைத் தவிர வேறெதையும் அவர்கள் வாயிலிருந்து பிடுங்க முடியவில்லை. கடைசியில் விட்டுவிட்டார்கள். அவர்களும் செஞ்சி வந்து சேர்ந்தார்கள்.

அப்படி வந்து சேர்ந்தவர்கள் இங்கே வெறுமனே ஒளிந்துகொண்டிருக்கவில்லை. தர்பார் கூட்டினார்கள், அமைச்சர்களை நியமித்தார்கள். பிரகலாத் நிராஜிக்காக 'பிரதிநிதி' என்று புதிதாக ஒரு பதவியையே ஏற்படுத்தினார்கள். மகாராஷ்டிராவில் ராமச்சந்திர பந்த் அமாத்தியர் இருந்துகொண்டு நிர்வாகத்தைப் பார்த்தார், கடிதங்கள் வருவதும் போவதுமாக இருந்தன. 1691இல் கோர்படே குடும்பத்துத் தளபதிகளுக்கு ராஜாராம் பேரில் போன ஓர் ஆவணத்தில், ராய்கட்டை மீட்டால் இவ்வளவு, பீஜப்பூரைப் பிடித்தால் இவ்வளவு, டெல்லியையே பிடித்தால் இவ்வளவு என்று சன்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கோட்டைக்கு வெளியே முகலாயப் படை. உள்ளே இருபது வயதுப் பையன் டெல்லிக்கு விலை போடுகிறான்! நான் இதை முதலில் படித்தபோது ராஜகிரியின் அடிவாரத்தில் நின்று மேலே பார்த்தேன். எந்தத் தைரியத்தில் அப்படி எழுதினார்கள் என்பது இந்த மலையைப் பார்த்தால் கொஞ்சம் புரியும்.

முற்றுகை போட வந்தவர் முகலாயத் தளபதி சுல்பிகார் கான். 1690 செப்டம்பரில் வந்தார். வந்தவருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. மூன்று குன்றுகள், அவற்றை இணைத்து ஓடும் மதில்கள் சுமார் 13 கிலோமீட்டர். இதைச் சுற்றி வளைக்க எவ்வளவு ஆள் வேண்டும்? ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் தானியம் உள்ளே போய்விடும். பிள்ளைகளை ராஜகிரி உச்சிக்குக் கூட்டிப் போனால் புத்தகத்தைத் திறக்க வேண்டாம், கீழே காட்டி, "நீங்கதான் சுல்பிகார் கான், எங்க படையை நிறுத்துவீங்க?" என்று கேளுங்கள். பத்து நிமிஷம் சண்டை போட்டுக்கொள்வார்கள். பக்கம் பக்கமாகப் பாடம் எடுத்தாலும் அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஈடாகாது.

1692 டிசம்பரில் மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வடக்கிலிருந்து குதிரைப்படையோடு வந்து இறங்கினார்கள். காஞ்சிபுரம் பக்கத்தில் முகலாய பௌஜ்தார் (படை அதிகாரி) அலி மர்தான் கானைப் பிடித்துப் பணயத்தொகை வாங்கிக்கொண்டு விட்டார்கள். முற்றுகை போட்டவர்களே முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டார்கள், பாசறையில் தானியம் இல்லை. போதாததற்கு, ஔரங்கசீப்பின் மகன் காம்பக்ஷே மராட்டியரோடு ரகசியமாகப் பேசுகிறார் என்ற சந்தேகத்தில் சுல்பிகாரும் அவர் தந்தை ஆசாத் கானும் இளவரசரையே கைது செய்தார்கள். 1693இல் படை வந்தவாசிக்குப் பின்வாங்கியது. அடுத்த ஆண்டு தஞ்சாவூர் போய், ராஜாராமுக்கு உதவிக்கொண்டிருந்த மன்னர் சாஹுஜியைக் கப்பம் கட்ட ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு மறுபடி வந்தது. சுல்பிகார் கான் நினைத்திருந்தால் முன்பே பிடித்திருக்கலாம், வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்று அவர் படையோடு இருந்த பீம்சேன் என்பவரே எழுதிவைத்திருக்கிறார்.

இங்கே ஒரு வேண்டுகோள். வீரக்கதையோடு நிறுத்திவிடாதீர்கள். இரண்டு படைகளும் ஆண்டுக்கணக்கில் தின்றது இந்தச் சுற்றுவட்டாரத்து நெல்லைத்தான், ஓட்டிக்கொண்டு போனது இந்த ஊர் மாடுகளைத்தான். வந்தவாசி, காஞ்சிபுரம், திருவண்ணாமலை என்று நாம் பஸ்ஸில் போய்வருகிற ஊர்கள் எல்லாம் அந்தப் போருக்கு நடுவே கிடந்தவை. உங்கள் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளில் பாதிப்பேரின் முன்னோர் அப்போது கோட்டைக்கு வெளியே, வயலில் இருந்தவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களையும் கதைக்குள் கொண்டுவாருங்கள்.

கடலூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு இன்னும் ஒன்று. 1690இல் பணமுடையில் இருந்த ராஜாராமின் அரசு தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றது. பிற்பாடு செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வாங்கியது அதுதான். எவ்வளவு நிலம் சேர்த்து? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழுகிற தூரம்வரை. அப்படியே சுட்டார்கள், குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்களையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். குண்டு கிராமங்கள் என்றே அவற்றுக்குப் பெயர். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரும் அதையொட்டித்தான் வந்தது என்பார்கள். செஞ்சி மலையில் கேட்ட பசிக்குக் கடற்கரையில் ஊர்கள் கைமாறியிருக்கின்றன.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். அதன் உச்சியில் வற்றாத சுனைகள் இருக்கின்றன, கீழே வரவர மழைநீரைத் தேக்கும் குளங்கள். அடிவாரத்தில் சக்கரக்குளம், செட்டிக்குளம், யானைக்குளம். கல்யாண மகாலில் மேல்மாடிவரை மண்குழாய் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. களஞ்சியத்தில் நெல், பாறையில் தண்ணீர். இந்த இரண்டும் இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு காலம் தள்ளலாம். அப்புறம் அந்தப் பிளவு. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அன்றைக்கு அதன் மேல் இருந்தது மரப்பாலம். அதை எடுத்துவிட்டால் எவ்வளவு பெரிய படையாக இருந்தாலும் அந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். அந்தச் சிறுமி அதன் மேல் நின்றுகொண்டுதான் காலி பாட்டிலைக் கவிழ்த்தாள்.

இவ்வளவு இருந்தும் கோட்டை விழுந்தது. சந்தாஜிக்கும் தனாஜிக்கும் பகை முற்றி, 1697இல் சந்தாஜி கொல்லப்பட்டார். அந்த ஆண்டின் கடைசியில் முற்றுகை மறுபடி இறுகியது. ராஜாராம் வேலூர் வழியாகத் தப்பினார். முகலாயப் பாசறையில் இருந்த ராஜாராமின் உறவினரான ஷிர்கே குடும்பத்தார் கண்ணை மூடிக்கொண்டதால்தான் வெளியேற முடிந்தது, அதற்கு விலையாகக் கண்டோ பல்லாள் 'வதன்' என்ற தன் பரம்பரை நில உரிமையை விட்டுக்கொடுத்தார் என்று மராட்டியர் சொல்வார்கள். பெங்களூர்ச் சத்திரத்தில் அடிவாங்கினாரே, அதே கண்டோ பல்லாள். 1698இன் தொடக்கத்தில் கோட்டை சுல்பிகார் கான் கைக்குப் போனது. ஆனால் பிடிக்க வந்த ஆள் கையில் இல்லை. ராஜாராம் விஷால்கட் போய்ச் சேர்ந்துவிட்டார். இத்தனை ஆண்டுகளில் வடக்கே மராட்டியப் படைகள் திரும்ப எழுந்து நின்றுவிட்டன. 1700இல் ராஜாராம் இறந்த பிறகு அவர் மனைவி தாராபாய் போரைத் தொடர்ந்து நடத்தினார். அவரும் செஞ்சியில் இருந்தவர்தான்.

இப்போது தேசிங்குக்கு வாருங்கள். சுல்பிகார் கான் தன் பட்டப்பெயரை வைத்து நுஸ்ரத்கட் என்று பெயர் மாற்றிய இந்தக் கோட்டைக்கு, ஔரங்கசீப் 1700இல் சொரூப்சிங் என்ற புந்தேல ராஜபுத்திரரைக் கோட்டைத் தலைவராக்கினார். அவர் 1714இல் இறந்தார். அவர் மகன் தேஜ்சிங்தான் நம் தேசிங்கு. ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானுக்குப் பணியாமல், நண்பன் மாபத்கானோடு சேர்ந்து போரிட்டு, அதே ஆண்டு அக்டோபரில் 22 வயதில் உயிரை விட்டார். ஒரு வருஷம்கூட ஆளவில்லை. அந்த மரணத்தை நம் கதைப்பாட்டுக்காரர்கள் ஊர் ஊராகப் பாடிப் பாடி நம் வீட்டுப் பிள்ளையாக்கிவிட்டார்கள். அதில் எனக்குக் கொஞ்சமும் மனக்குறை இல்லை, என் பாட்டி மடியில் கேட்ட கதை அது. நான் சொல்வதெல்லாம், தேசிங்கு இந்தக் கோட்டையைக் கட்டவில்லை, அவர் பிறக்கும்போது இதற்கு ஐந்நூறு வயது. மராட்டியர் இங்கே வந்திருக்காவிட்டால் முற்றுகை இல்லை. முற்றுகை இல்லாவிட்டால் சொரூப்சிங்குக்கு இங்கே வேலை இல்லை, தேசிங்கும் இல்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்த பெயரிலிருந்து ஆரம்பித்து, ஒரு படி பின்னால் போங்கள், கதை தானே வரும்.

போன மாதம் புதுச்சேரி வாசல் பக்கம் மகாராஷ்டிராவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். வாசலைத் தாண்டுமுன் அந்தப் பெரியவர் குனிந்து மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். கூட வந்த பேத்தியிடம் என்னவோ சொன்னார். 'ஜிஞ்ஜி', 'ராஜாராம் மகாராஜ்' என்ற இரண்டு மட்டும்தான் எனக்குப் புரிந்தது. அந்தப் பிள்ளை நம் குன்றுகளை அண்ணாந்து பார்த்த பார்வை இன்னும் கண்ணில் இருக்கிறது. அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த செஞ்சி, இங்கே பத்து கிலோமீட்டரில் இருக்கிற நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகலாமா?

அதனால் கேட்கிறேன். ஒரே நாளில் செஞ்சி, திருவண்ணாமலை, சாத்தனூர் அணை என்று மூன்றையும் திணிக்காதீர்கள். செஞ்சிக்கென்று ஒரு நாள் கொடுங்கள். காலையில் வெயில் ஏறுவதற்குள் ராஜகிரி ஏறிவிடுங்கள், ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் இருக்கட்டும். தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்க விடாதீர்கள், குரங்கு பிடுங்கும். மதிலில் பெயர் கிறுக்குகிற பையனைத் திட்டுவதற்கு முன்னால், அந்தக் கல்லை மேலே ஏற்றியவர்கள் தங்கள் பெயரை எங்கும் எழுதிவைக்கவில்லை என்று சொல்லிப் பாருங்கள். வருஷங்களை மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டாம்.

பாலத்தைத் தாண்டி உச்சிக்குப் போனதும், ரங்கநாதர் கோயில் நிழலில் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள். பிறகு சுனையைக் காட்டுங்கள். ஓரத்தில் வழுக்கும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தச் சிறுமி இப்போது ஒன்பதாம் வகுப்புக்குப் போயிருப்பாள். அவளுடைய ஆசிரியர் இதைப் படித்தால், அவளை இன்னொரு முறை கூட்டிக்கொண்டு வாருங்கள் சார். எனக்கு முன்கூட்டியே தெரிந்தால் அடிவாரத்தில் வந்து நிற்கிறேன், மேலே வரைக்கும் கூடவே வருகிறேன்.

அன்புடன்,
ராஜகிரி அடிவாரத்திலிருந்து ஒருவன்